நட்டத்துக்கு விற்ற 900 பங்கும் லாபத்துக்கு வந்த வரியும்

மார்ச் மாதம் பாதி தாண்டினால் எங்கள் ஆடிட்டர் அலுவலகத்தில் டீ ஆறிப்போய்த்தான் குடிக்கக் கிடைக்கும். 2025 மார்ச் 15, சனிக்கிழமை, முன்வரி (அட்வான்ஸ் டாக்ஸ்) கட்டக் கடைசி நாள். அன்று சாயங்காலம் மச்சான் வந்தார். மனைவியின் அண்ணன். கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் பிரிவு, வயது 44, ஆண்டுச் சம்பளம் 20 லட்சத்தை ஒட்டி. கையில் இரண்டு தாள்.

"மாப்ள, ஒரே புரோக்கர்கிட்ட இருந்து ரெண்டு ரிப்போர்ட் வந்திருக்குங்க. ஒண்ணு நட்டம்ங்குது, ஒண்ணு லாபம்ங்குது. எதை நம்பறது?"

முதல் தாள், கடனில் வாங்கிய பங்குகளின் கணக்கு. 900 பங்கு, வாங்கிய விலை 1,000, விற்ற விலை 720, நட்டம் 2,52,000 ரூபாய். இரண்டாவது தாள், வரிக்கான லாப நட்ட அறிக்கை. அதே நாள், அதே பங்கு, அதே 900. நீண்டகால மூலதன ஆதாயம், அதாவது ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்கை விற்ற லாபம், 4,32,000 ரூபாய் என்று போட்டிருந்தது. மென்பொருள் கோளாறு என்று நினைத்து புரோக்கருக்கு மெயில் போட்டிருக்கிறார். "வரி அறிக்கை விதிப்படி சரியாகவே உள்ளது" என்று ஒற்றை வரி பதில் வந்திருக்கிறது.

பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அவரிடம் சொல்ல அரை மணி நேரம் ஆனது. இரண்டு தாளும் சரி என்பதுதான் விஷயம். அவர் பெயரும் அந்தப் பங்கின் பெயரும் இங்கே வேண்டாம். எண்களையும் கணக்குப் போட வசதியாகக் கொஞ்சம் முழுமையாக்கியிருக்கிறேன். நடந்தது இதுதான்.

டிசம்பருக்கு முன் வீட்டில் இருந்தது

மச்சானிடம் மூன்று வகைக் கணக்குகள் இருந்தன. வரிச்சலுகை உள்ளவை: பிஎஃப்பில் 21 லட்சம், பிபிஎஃப் சேமிப்பில் 17 லட்சம், என்பிஎஸ் ஓய்வூதியத் திட்டத்தில் 6 லட்சம். வரிக்கு உட்பட்டவை: வரிக் கழிவுக்காகப் போடும் இஎல்எஸ்எஸ் பங்கு ஃபண்டுகளில் 8 லட்சம், பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் டிமேட் கணக்கில் நிஃப்டி குறியீட்டைப் பின்பற்றும் இடிஎஃப் 5 லட்சம், அப்புறம் அந்த ஒரே ஒரு மிட்கேப் (நடுத்தர அளவு நிறுவன) பங்கில் 12 லட்சம். மொத்தம் 69 லட்சம். மூன்றாவதாக, கடனில் பங்கு வாங்கும் எம்டிஎஃப் வசதி. அதில் அதுவரை எதுவும் வாங்கியதில்லை. ஆப்பில் ஒரு பட்டனைத் தட்டித் திறந்து வைத்ததோடு சரி.

இந்த 69 லட்சத்தை அவர் ஒருபோதும் ஒரே தாளில் எழுதிப் பார்த்ததில்லை. பிஎஃப் ஒரு இணையதளத்தில், பிபிஎஃப் வங்கி ஆப்பில், என்பிஎஸ் எங்கோ மறந்துபோன பாஸ்வேர்டுக்குப் பின்னால். தினமும் திறந்து பார்ப்பது டிமேட் ஆப் ஒன்றைத்தான். அதில் தெரிந்தது 17 லட்சம். சொத்தில் நான்கில் ஒரு பங்கு மட்டும் கண்ணில் படுகிறவருக்கு, "நான் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்கிறேன், இன்னும் கொஞ்சம் துணியலாம்" என்று தோன்றுவதும், "பங்கில் எல்லாமே போய்விட்டது" என்று தோன்றுவதும் ஒன்றுபோலச் சுலபம். மச்சானுக்கு முதலாவது தோன்றியது.

அந்த மிட்கேப் பங்கை அவர் 2020 ஏப்ரலில் வாங்கினார். கொரோனாவில் சந்தை விழுந்து, நிஃப்டி மார்ச் 23 அன்று 7,610இல் முடிந்து, ஊரே அடைந்து கிடந்த நேரம். 240 ரூபாய்க்கு 1,200 பங்கு. அதற்குப் பிறகு தொடவே இல்லை. நல்ல முதலீடு, சந்தேகமில்லை. அந்த வெற்றிதான் பின்னால் வினையாக வந்தது.

டிசம்பர் 11

2024 செப்டம்பர் 27 அன்று நிஃப்டி 26,277 வரை போய்த் திரும்பியது. இவருடைய பங்கு அப்போது 1,150. டிசம்பரில் 1,000க்கு வந்தது. "நல்ல பங்கு, 13% தள்ளுபடியில் கிடைக்குது" என்பது அவர் வாதம். டிசம்பர் 11, புதன்கிழமை, எம்டிஎஃப்பில் 900 பங்கு வாங்கினார். 9 லட்ச ரூபாய். கைப்பணம் 3.6 லட்சம், மீதி 5.4 லட்சம் புரோக்கர் கடன்.

கைப்பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அவசரத்துக்கு என்று வைத்திருந்த 2.1 லட்சம் எஃப்டியை உடைத்திருக்கிறார். அந்த ஆண்டு பிபிஎஃப்பில் போட வைத்திருந்த 1.5 லட்சம் போனஸையும் இதில் போட்டிருக்கிறார். இது எந்த ஆப்பிலும் தெரியாது. வரியே இல்லாத, 7.1% வட்டி வருகிற இடத்துக்குப் போக வேண்டிய பணம், நாளைக்கு 0.04% வட்டி கட்டுகிற இடத்துக்கு முன்பணமாகப் போயிருக்கிறது. 0.04% என்று எழுதினால் தூசு மாதிரி இருக்கும். ஆண்டுக்கு 14.6%. ஒரு நாளைக்கு 216 ரூபாய், ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்து.

வாங்கிய அன்று மாலை, டிமேட் பங்குகளைப் பாதுகாத்து வைக்கும் டெபாசிட்டரியிடமிருந்து ஓடிபி வந்தது. அதைப் போட்டு பங்குகளை அடகுக்கு உறுதி செய்தார். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். முன்பெல்லாம் புரோக்கர்கள் அடகுப் பங்குகளைத் தங்கள் கணக்குக்கே மாற்றிக்கொள்வார்கள். அதில் முறைகேடுகள் நடந்ததால், பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2020 செப்டம்பர் 1 முதல் முறையை மாற்றியது. பங்கு வாடிக்கையாளரின் சொந்த டிமேட்டிலேயே இருக்கும். அதன்மேல் அடகுக் குறி மட்டும் விழும். முதலீட்டாளருக்கு நல்ல பாதுகாப்பு. ஆனால் அதன் பக்கவிளைவாக, மச்சான் கடனில் வாங்கிய 900 பங்கும், ஐந்து வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்த 1,200 பங்கும் ஒரே டிமேட்டில் ஒன்றாகச் சேர்ந்தன. மொத்தம் 2,100.

அந்த ஒரு பங்கின் எடை அன்றைக்கு அவருடைய நிகரச் சொத்தில் 29%. அதை அவர் அறியவில்லை. நானும் கேட்கவில்லை; அந்த தீபாவளிக்கு அவர் வீட்டில் அதிரசம் சாப்பிட்டுக்கொண்டே பங்குச்சந்தை பேசியவன்தான் நான்.

சரிவு

அவர் வாங்கிய அதே வாரத்தில் நிஃப்டி ஸ்மால்கேப் 100 குறியீடு தன் உச்சத்தைத் தொட்டது. பிப்ரவரி கடைசிக்குள் அதில் கால்வாசி கரைந்தது. நிஃப்டியும் அக்டோபர் தொடங்கி பிப்ரவரி வரை ஐந்து மாதம் தொடர்ந்து இறங்கியது. 1996க்குப் பிறகு அப்படி நடந்ததில்லை.

ஜனவரி 13 அன்று இவர் பங்கு 860. 900 பங்கின் மதிப்பு 7.74 லட்சம். கடன் 5.4 லட்சம் அப்படியே நிற்கிறது. அதில் இவருடைய சொந்தப் பணம் 2.34 லட்சம். புரோக்கர் கேட்ட 40% மார்ஜினுக்கு, அதாவது பங்கின் மதிப்பில் சொந்தப் பணமாக நிற்க வேண்டிய அளவுக்கு, 3.09 லட்சம் வேண்டும். குறை 75,600. மெசேஜ் வந்தது. ரொக்கம் இல்லாததால் தன் நிஃப்டி இடிஎஃப்பிலிருந்து 1.2 லட்ச ரூபாய் யூனிட்டுகளைக் கூடுதல் அடகாக வைத்தார். அதில் 10% கழித்துக்கொண்டுதான் மார்ஜினாக ஏற்றார்கள்.

இதுதான் இரண்டாவது படி. கடன் கணக்கு தன் எல்லையைத் தாண்டி, எந்தக் கடனும் இல்லாத இடிஎஃப்பை உள்ளே இழுத்துக்கொண்டது. முதலில் பிபிஎஃப் பணம், அப்புறம் இடிஎஃப்.

பிப்ரவரியில் விலை இன்னும் இறங்கியது. கூடவே மார்ஜின் விகிதமும் ஏறியது. இதைப் பலரும் எதிர்பார்ப்பதில்லை. எம்டிஎஃப் மார்ஜின் ஒரு நிலையான சதவீதம் அல்ல. பங்கின் ஏற்ற இறக்கத்தை வைத்துத் தினமும் கணக்கிடும் அபாய மார்ஜின், அதன்மேல் கூடுதல் மார்ஜினின் மூன்று அல்லது ஐந்து மடங்கு என்பது குறைந்தபட்சம். எஃப் அண்ட் ஓ என்கிற முன்பேர வணிகத்தில் உள்ள பங்குக்கு மூன்று, மற்றவற்றுக்கு ஐந்து. பங்கு ஆட ஆட அதுவும் ஏறும். உங்களிடம் பணம் குறைகிற அதே நேரத்தில் கேட்கிற தொகை கூடும்.

720 விலையில் மதிப்பு 6.48 லட்சம். கடன் போக 1.08 லட்சம். கேட்டது 50%, அதாவது 3.24 லட்சம். இடிஎஃப் அடகைச் சேர்த்தும் ஒரு லட்சத்துக்கு மேல் பள்ளம். பிப்ரவரி 28, வெள்ளிக்கிழமை, நிஃப்டி 420 புள்ளி விழுந்து 22,124இல் முடிந்தது. அன்று காலை புரோக்கரின் அபாயக் கண்காணிப்புப் பிரிவான ஆர்எம்எஸ் பகுதி பகுதியாக விற்கத் தொடங்கியது. 250 பங்கு போனதும் மச்சானுக்கு வெறுத்துவிட்டது. மிச்சம் 650ஐ அவரே விற்றார். "போய்த் தொலையட்டும்னு அமுக்கிட்டேங்க" என்றார். சராசரி விலை 720.

6.48 லட்சத்தில் கடன் 5.4 லட்சமும், 79 நாள் வட்டி 17,064 ரூபாயும் போக, கையில் திரும்பியது 90,936. போட்டது 3.6 லட்சம்.

அதோடு கணக்கு முடிந்தது என்று அவர் நினைத்தார்.

வரிசையில் முதலில் நின்றவர்

டிமேட்டில் இருக்கும் பங்குக்கு அடையாள எண் கிடையாது. காகிதச் சான்றிதழ் காலத்தில், "இந்த நம்பர் பங்கை விற்றேன்" என்று சொல்லலாம். டிமேட்டில் எல்லாம் ஒரே குளத்துத் தண்ணீர். அப்படியானால் விற்றது எது, 240க்கு வாங்கியதா, 1,000க்கு வாங்கியதா? 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 45(2ஏ) பிரிவு இதற்கு ஒரே பதில் வைத்திருந்தது: முதலில் உள்ளே வந்தது முதலில் வெளியே போகும். எந்த நோக்கத்தில் வாங்கினீர்கள், கடனா ரொக்கமா, அடகுக் குறி எதன்மேல் இருந்தது, எதுவும் அங்கே கேள்வி இல்லை. நுழைந்த தேதி மட்டும்தான்.

ஆகவே சட்டத்தின் கண்ணில் மச்சான் பிப்ரவரி 28 அன்று விற்றது, 2020 ஏப்ரலில் 240க்கு வாங்கிய 900 பங்கு. லாபம் ஒரு பங்குக்கு 480. மொத்தம் 4,32,000. அதில் ஆண்டு விலக்கு 1.25 லட்சம் போக 3,07,000. 2024 ஜூலை 23 பட்ஜெட்டுக்குப் பிறகு நீண்டகால ஆதாயத்துக்கு வரி 12.5%. வரியின் மேல் 4% செஸ்ஸோடு சேர்த்து 39,910 ரூபாய்.

2.52 லட்சம் நட்டம், 17,064 வட்டி, அதன்மேல் 39,910 வரி. மச்சான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த நட்டம் காணாமல் போகவில்லை. டிமேட்டில் மிஞ்சிய 1,200 பங்கில், இப்போது 300 மட்டும் பழைய 240 விலைக்காரர்கள். 900 பங்கின் அடக்கவிலை 1,000. பின்னால் அவற்றை விற்கும்போது வரி குறையும். அதாவது வரியை முன்கூட்டிக் கட்டுகிறார், அவ்வளவுதான். ஆனால் கையில் பணமே இல்லாத மார்ச்சில் அதைக் கட்ட வேண்டும். கூடவே அந்த 900 பங்குக்கு ஓராண்டுக் கடிகாரமும் 2024 டிசம்பரிலிருந்து புதிதாக ஓடத் தொடங்கிவிட்டது.

"சரி, விலை ஏறியிருந்தா தப்பிச்சிருப்பேன் இல்லீங்களா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. தாளைத் திருப்பிப் போட்டுக் கணக்கிட்டோம். பிப்ரவரியில் 1,100 ஆகியிருந்து, மகிழ்ச்சியாக 900ஐ விற்றிருந்தால், அவர் மனக்கணக்கில் லாபம் 90,000. வட்டி போக 72,936. சட்டக் கணக்கில் லாபம் ஒரு பங்குக்கு 860, மொத்தம் 7,74,000. விலக்கு போக வரி, செஸ்ஸோடு 84,370. ஜெயித்திருந்தாலும் அந்த ஆண்டு கையிலிருந்து பதினோராயிரம் போட்டு வரி கட்டியிருப்பார்.

அவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. எனக்குமே எண்ணாகப் பார்த்தபோதுதான் உறைத்தது. இத்தனைக்கும் வருடத்துக்கு முன்னூறு ரூபாய் செலவில் இதைத் தவிர்த்திருக்கலாம்.

இரண்டாவது டிமேட்

முதலில் வந்தது முதலில் போகும் என்ற விதி, ஆளுக்கு அல்ல, டிமேட் கணக்குக்கு. நேரடி வரிகள் வாரியம் 1998 ஜூன் 24 அன்று வெளியிட்ட 768ஆம் எண் சுற்றறிக்கை இதைத் தெளிவாகச் சொல்கிறது: ஒருவருக்குப் பல கணக்குகள் இருந்தால் வரிசை கணக்குவாரியாகத்தான். ஒரு கணக்கிலிருந்து விற்றால், இன்னொரு கணக்கில் கிடப்பதை விற்றதாகக் கொள்ள முடியாது. டிசம்பர் 11க்கு முன் வேறொரு டிமேட் திறந்து அதில் எம்டிஎஃப் வைத்திருந்தால், 2.52 லட்சமும் குறுகியகால நட்டமாகவே நின்றிருக்கும். பழைய 1,200 பங்கை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

நடந்த பிறகு என்ன செய்யலாம்? மார்ச்சில் எங்களுக்கு இரண்டு வழி இருந்தது.

மிஞ்சிய 1,200ஐயும் விற்றால் நட்டம் வெளியே வரும். அப்போது விலை 780க்கு ஏறியிருந்தது. ஆனால் வரிசையில் முதலில் நிற்பது 240 விலைக்காரர்கள் 300 பேர். அவர்கள் போனால் ஆதாயம் 1,62,000 கூடும். அதற்குப் பின்னால் வரும் 900 பங்கில் நட்டம் 1,98,000. நிகரம் 36,000. மிச்சமாகும் வரி, செஸ்ஸோடு, 4,680 ரூபாய். பங்குப் பரிவர்த்தனை வரி, புரோக்கரேஜ் எல்லாம் கட்டிவிட்டு மீண்டும் வாங்கினால் வடை போய் எண்ணெய் மிஞ்சும்.

இரண்டாவது வழி, அந்த முன்வரிசை 300ஐ விற்காமல் நகர்த்துவது. சுற்றறிக்கை, கணக்கை விட்டு வெளியேறும் வரிசை என்றுதான் பேசுகிறது. வெளியேறுவது விற்பனையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தன் பெயரிலேயே உள்ள இன்னொரு டிமேட்டுக்கு மாற்றினால் அது விற்பனை அல்ல, ஆதாயமும் இல்லை. போகிற 300, முதலில் வந்த 300. அடக்கவிலையும் வாங்கிய தேதியும் அவற்றோடே போகும். எங்கள் ஆடிட்டர் கோப்பை வாங்கி இரண்டு முறை படித்துவிட்டுத் தலையாட்டினார்.

மச்சானுக்கு நல்லவேளையாக ஒரு பழைய வங்கி டிமேட் இருந்தது. எப்போதோ ஒரு ஐபிஓவுக்குத் திறந்தது, காலியாகக் கிடந்தது. முதல் டிமேட்டிலிருந்து பங்கை மாற்ற எழுதித் தரும் டிஐஎஸ் ஸ்லிப் புத்தகத்தை பீரோவில் தேடி எடுத்து வந்தார். செக் புத்தகம் போலத்தான் இருக்கும். பங்கின் ஐஎஸ்ஐஎன் எண், எண்ணிக்கை 300, போய்ச் சேரும் கணக்கின் 16 இலக்கம், காரணம் என்ற இடத்தில் 'சொந்தக் கணக்குக்கு மாற்றம்'. முதல் ஸ்லிப்பைக் கெடுத்துவிட்டார்; எண்ணிக்கையில் அடித்து எழுதியதால் புரோக்கர் அலுவலகத்தில் திருப்பிவிட்டார்கள். மறுநாள் இன்னொன்று. கையெழுத்து 2014இல் போட்டது போல வரவேண்டும் என்று என் மேஜையில் உட்கார்ந்து பழைய பேப்பரில் நான்கு முறை போட்டுப் பார்த்தார்.

300 போய்ச் சேர்ந்ததை உறுதி செய்துகொண்டு, மார்ச் 25 அன்று முதல் டிமேட்டில் இருந்த 900ஐ 780க்கு விற்றார். குறுகியகால நட்டம் 1,98,000. குறுகியகால நட்டத்தை நீண்டகால ஆதாயத்தில் கழிக்கலாம், மறுதலை முடியாது. 4,32,000இல் 1,98,000 போக 2,34,000, விலக்கு போக 1,09,000, வரி செஸ்ஸோடு 14,170. முன்பு 39,910. மிச்சம் 25,740.

நாள் முக்கியமாக இருந்தது. அந்த ஆண்டு மார்ச் 31 ரம்ஜான் விடுமுறை, திங்கள்கிழமை. 29, 30 சனி ஞாயிறு. நிதியாண்டின் கடைசி வர்த்தக நாள் 28ஆம் தேதியே வந்துவிட்டது. 31 வரை நேரம் இருக்கிறது என்று நினைத்தவர்கள் இரண்டு பேர் எங்கள் அலுவலகத்திலேயே இருந்தார்கள்.

விற்றதை மறுநாளே திரும்ப வாங்கவில்லை. இந்தியாவில் நட்டத்துக்கு விற்று உடனே வாங்கினால் நட்டத்தை மறுக்கும் தனி விதி கிடையாது. பலர் அப்படிச் செய்கிறார்கள். எனக்கு அதில் வேறு காரணத்தால் தயக்கம். இடமாற்றம், விற்பனை, மறுகொள்முதல் மூன்றையும் பத்து நாளுக்குள் செய்தால், வரிக்காக மட்டுமே செய்த ஏற்பாடு என்று யாராவது கேட்டால் சொல்லப் பதில் இருக்காது. அதைவிட, 29% எடையில் இருந்த பங்கைக் குறைக்க இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

எம்டிஎஃப் வட்டி 17,064ஐ நாங்கள் எங்கும் கழிக்கவில்லை. மூலதன ஆதாயத்தில் கடன் வட்டியை அடக்கவிலையோடு சேர்க்கலாமா என்பதில் தீர்ப்பாயங்களின் முடிவுகள் இரண்டு பக்கமும் உண்டு. அந்தத் தொகைக்கு வழக்காட வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

வந்த பணம் போன இடம்

900 பங்கு விற்ற 7.02 லட்சத்தில் முதல் வேலையாக 2.1 லட்சம் எஃப்டிக்குத் திரும்பியது. 1.5 லட்சம், மார்ச் 27 அன்று, பிபிஎஃப்புக்கு. அந்த ஆண்டுக்கான வரம்பை விட்டால் அது திரும்பக் கிடைக்காது. மீதி 3.42 லட்சத்தை நிஃப்டி இடிஎஃப்பில், இரண்டாவது டிமேட்டில் போட்டோம். நீண்டகாலத்துக்கு என்று வைத்தவை எல்லாம் இனி அங்கேதான். முதல் டிமேட்டில் விளையாட்டு நடக்கட்டும். எம்டிஎஃப்பை மூடச் சொன்னேன். முனகினார், மூடினார்.

அப்புறம் முதல்முறையாக எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதினோம். அதில் கிடைத்தவைதான் எனக்கு அதிக ஆச்சரியம்.

2023-24 முதல் அவர் புதிய வரி முறைக்கு மாறிவிட்டார். அங்கே சேமிப்புக்கான 80சி கழிவு கிடையாது. ஆனாலும் மாதம் 10,000 ரூபாய் இஎல்எஸ்எஸ் எஸ்ஐபி ஓடிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தவணைக்கும் மூன்றாண்டுப் பூட்டு, அதற்குப் பதிலாக எந்தச் சலுகையும் இல்லை. பிப்ரவரியில் மார்ஜினுக்கு அல்லாடியபோது அதிலிருந்து ஒரு பகுதியை எடுக்கப் பார்த்திருக்கிறார். பெரும்பகுதி பூட்டில் இருந்தது. அதை நிறுத்தி, அதே தொகையைப் பூட்டில்லாத இண்டெக்ஸ் ஃபண்டுக்கு மாற்றினோம்.

என்பிஎஸ்ஸிலும் இதே கதை. பழைய முறையில் 50,000 ரூபாய்க் கூடுதல் கழிவுக்காகப் போட ஆரம்பித்தது. புதிய முறையில் அந்தக் கழிவு இல்லை. ஆனால் முதலாளி வழியாகப் போனால் அடிப்படைச் சம்பளத்தில் 14% வரை புதிய முறையிலும் கழிவு உண்டு. அடிப்படைச் சம்பளம் 8 லட்சம். 1.12 லட்சம் போட்டால், 2024-25இல் அவர் இருந்த 30% அடுக்கில் சுமார் 35,000 வரி மிச்சம்; 2025 ஏப்ரல் முதல் அவர் வரும் 20% அடுக்கில் ஆண்டுக்குச் சுமார் 23,300. கம்பெனி எச்ஆர் இரண்டு வருடமாக இதற்கு மெயில் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். மச்சான் திறக்கவில்லை. டிஐஎஸ் ஸ்லிப், சுற்றறிக்கை, கடைசி வர்த்தக நாள் என்று இரண்டு வாரம் ஓடியாடி மிச்சப்படுத்தியது 25,740. அதுவும் ஒரே ஒரு தடவை. அந்த மெயிலுக்கு ஒரு டிக் போட்டிருந்தால் ஒவ்வொரு வருடமும் கிட்டத்தட்ட அவ்வளவு. கைக்கு வரும் சம்பளம் குறையும், பணம் 60 வயதுக்கு அருகில்தான் வரும் என்பதையும் சொன்னேன். யோசித்து ஏப்ரல் முதல் சேர்ந்தார்.

எதை எங்கே வைப்பது என்பதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. 2025 ஏப்ரல் முதல் எஃப்டி வட்டிக்கு அவர் 20.8% கட்ட வேண்டும், 7% எஃப்டி கையில் 5.5%தான். அதனால் வட்டி வருகிற பணம் பிஎஃப், பிபிஎஃப்பில் இருக்கட்டும். விற்கும் நாள் வரை வரி கேட்காத பங்கு இடிஎஃப் டிமேட்டில் இருக்கட்டும். பங்குக்கும் கடன் பத்திரத்துக்கும் இடையே மாற்ற வேண்டியிருந்தால் என்பிஎஸ்ஸுக்குள் மாற்றட்டும், அங்கே மாற்றுவதற்கு வரியே இல்லை. அவருடைய என்பிஎஸ் பாதிக்குப் பாதி கடன் பத்திரத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் ஏற்கெனவே 38 லட்சம் பிஎஃப்பும் பிபிஎஃப்புமாகக் கடன் பக்கம் நிற்கும்போது அது எதற்கு?

ஏப்ரல் 7, திங்கள்கிழமை. டிரம்ப் அறிவித்த வரிகளால் உலகச் சந்தைகள் எல்லாம் சரிந்த நாள். நிஃப்டி காலையில் 21,743 வரை இறங்கி, 3.2% வீழ்ச்சியில் 22,161இல் முடிந்தது. ஒன்பதரைக்கு மச்சானின் போன். எனக்குத் திக்கென்றது.

"மாப்ள, அந்த என்பிஎஸ் பாஸ்வேர்டை எப்படிங்க மாத்தறது?"

அன்று மாலைக்குள் பாஸ்வேர்டு கிடைத்து, பங்கு ஒதுக்கீட்டை 75%க்கு மாற்றினார். அப்போது, ஒதுக்கீட்டை நாமே தேர்ந்தெடுக்கும் செயல்தேர்வு முறையில் அதுதான் உச்சவரம்பு. மாற்றம் அன்றைய விலையில் நடக்காது, ஓரிரு நாள் ஆகும் என்றேன். "பரவால்லீங்க, இதுக்கு யாரும் போன் பண்ண மாட்டாங்கல்ல" என்றார்.

ஆகஸ்டில் வருமான வரிப் படிவம் ஐடிஆர்-2 நிரப்ப வந்தார். 2018 ஜனவரி 31க்குப் பிறகு வாங்கிய பங்குகள் என்ற இடத்தில் விற்பனை மதிப்பு 6,48,000, அடக்கவிலை 2,16,000 என்று தட்டினேன். திரையை எட்டிப் பார்த்தார்.

"நான் வித்தது டிசம்பர்ல வாங்கினதுங்க மாப்ள."

"தெரியும் மச்சான்" என்று அடுத்த கட்டத்துக்குப் போனேன்.